நிறுத்திய கல்யாணம் கணக்கில் இருக்கிறது, அந்தப் பெண் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளம்வயது கர்ப்பத் தடுப்புப் பணிகள் பற்றி உங்கள் மாவட்டப் பக்கத்தில் சென்ற வாரம் வந்த செய்தியைப் படித்தேன். எத்தனை பள்ளிகளில் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது, எத்தனை குழந்தைத் திருமணங்கள் தடுத்து நிறுத்தப்பட்டன, பதிவான இளம்வயது கர்ப்பங்கள் போன ஆண்டைவிட எவ்வளவு குறைந்தன என்று மூன்று எண்கள் போட்டிருந்தீர்கள். மேலே, பேனரைப் பிடித்து நிற்கும் மாணவிகளின் படம். ஆகவே திட்டம் வெற்றி என்று செய்தி முடிந்துவிட்டது.

நான் தருமபுரி மாவட்டத்தில் 1988 முதல் 2021 வரை கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். அந்த மூன்று எண்களும் கீழே எப்படிப் பிறக்கின்றன என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எழுதி மேலே அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. இந்தக் கடிதத்தைப் போட்டால் என் பெயரைப் போட வேண்டாம். காரணம் படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

2017 மே மாதம். என் துணை சுகாதார நிலையத்துக்கு உட்பட்ட ஊரில், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த ஒரு பெண். 2001 நவம்பரில் பிறந்தவள். அவள் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்ததே நான்தான், தடுப்பூசி எல்லாம் என் கையால் போட்டது. அப்பா, அம்மா இருவரும் பெங்களூரில் கட்டட வேலை. பெண் பாட்டி வீட்டில். வயசுப் பெண்ணைக் கிழவியிடம் விட்டுவிட்டு எத்தனை நாள் வெளியூரில் நிம்மதியாக இருப்பது என்று தாய்மாமன் மகனுக்கே பேசி முடித்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் யாரோ குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்துவிட்டார்கள். ஜீப் வந்தது. வெள்ளைத்தாளில், "18 வயது முடியும்வரை திருமணம் செய்ய மாட்டோம்" என்று பெற்றோரிடம் எழுதி வாங்கினார்கள். சாட்சிக் கையெழுத்து விஏஓவும் நானும். படம் எடுத்தார்கள். ஆக்கிய சோற்றை என்ன செய்வது? வந்தவர்களுக்குப் பந்தி போட்டார்கள். நானும் ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்தப் பெண் பின்கட்டில் மருதாணிக் கையோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கல்யாணம் நின்றதற்கு அழுதாளா, ஊர் பார்க்க ஜீப் வந்ததற்கு அழுதாளா என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

ஆடி பிறந்துவிட்டால் நல்ல காரியம் செய்ய முடியாதே என்று ஆனிக் கடைசியில், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கோயிலில், விடியற்காலையில் பத்துப் பேர் முன்னால் தாலி கட்டிவிட்டார்கள். முழுசாக இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது. மாவட்டக் கணக்கில் மே மாதத்தில் ஏறிய "தடுக்கப்பட்ட திருமணம் - 1" அப்படியே இருந்தது. அதைத் திருத்த ஒரு கட்டமே அந்தப் படிவத்தில் கிடையாது.

எனக்கு விஷயம் தெரிந்தது வேறு வழியில். புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு நாப்கின் கொடுப்பது எங்கள் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று பாக்கெட், பாக்கெட்டுக்கு ஆறு. அவள் பெயர் என் பட்டியலில் இன்னும் இருந்ததால் வழக்கம்போல வீட்டில் கொடுத்துக்கொண்டு இருந்தேன், பாட்டி வாங்கி வைத்துக்கொள்வார். 2018 பொங்கலுக்குப் பின் போனபோது அவளே வீட்டில் இருந்தாள். நான் கொடுத்த மூன்று பாக்கெட்டைப் பாட்டி ரேஷன் அரிசி மூட்டையின் மேல் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஆறு பாக்கெட் பிரிக்காமல் அடுக்கி இருந்தது. இரண்டு தடவை கொடுத்தது, நான்கு மாதம். வாய் திறந்து கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.8. உயரம் 142 செ.மீ. பாட்டி என்னைத் திண்ணைக்குக் கூட்டிக்கொண்டு வந்து சொன்னார்: "நர்சம்மா, உள்ள வயசைச் சொன்னா போலீசு வரும். பையனப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டா, இவளுக்கும் வயித்துல இருக்கறதுக்கும் நீ சோறு போடுவியா?"

அவளுடைய ஆதார் அட்டையில் பிறந்த தேதி 01.01.1999 என்று இருந்தது. கிராமங்களில் முகாம் போட்டு அட்டை எடுத்த காலத்தில் பாதிப் பேருக்கு ஜனவரி 1-தான் பிறந்தநாள், ஆண்டு கண்ணளவில். அந்த அட்டையின்படி அவளுக்கு 19 நிறைந்துவிட்டது. நான் 19 என்றே பிக்மியில் (அரசின் கர்ப்பப் பதிவுக் கணினித் தளம்) பதிவு செய்தேன். உண்மை வயது 16 என்று என் சொந்த நோட்டில் பென்சிலால் எழுதிவைத்தேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை 19 வயது ஆனவர்களுக்குத்தான். அந்தப் பணமும் அவளுக்கு வந்தது. சட்டப்படி நான் செய்தது தவறு. 18 வயதுக்கு உட்பட்டவள் கர்ப்பம் என்று தெரிந்தும் தகவல் தராமல் இருப்பது போக்சோ சட்டத்தில் குற்றம். தகவல் கொடுத்திருந்தால், அடுத்த ஊரில் அதே நிலையில் இருக்கும் பெண் என் நிலையத்துப் பக்கமே வரமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். வராதவள் எங்கே போவாள் என்பதையும் பார்த்திருக்கிறேன்: மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரை, விடாத ரத்தப்போக்கு, நடு இரவில் 108.

2018 ஜூனில் குழந்தை பிறந்தது. 1.9 கிலோ. பச்சிளங்குழந்தைப் பிரிவில் 12 நாள் வைத்திருந்து காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

இப்போது உங்கள் செய்தியில் இருந்த மூன்று எண்களுக்குள் இந்த ஒரு பெண்ணைப் போட்டுப் பாருங்கள். பள்ளியில் விழிப்புணர்வுக் கூட்டத்தில் உட்கார்ந்தவள், ஆகவே பயனாளி. கல்யாணம் நின்றது, ஆகவே தடுப்பு ஒன்று. 19 வயதில் கர்ப்பம் என்று பதிவு, ஆகவே மைனர் கர்ப்பம் இல்லை. மூன்று இடத்திலும் திட்டம் ஜெயித்திருக்கிறது.

பதிவேட்டில் எண் இறங்கினால் ஊரில் சங்கதி இறங்கிவிட்டது என்று நம்புகிற பழக்கம் புதிதல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பக்கம் பெண் சிசுக் கொலை நடந்தது. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் அதைச் "சமூகக் காரணங்களால் இறப்பு" என்று நாசூக்காக எழுதுவோம். கைது, வழக்கு என்று ஆரம்பித்ததும் அந்தக் கட்டத்தில் ஆள் குறைந்தது. அதே நேரம் பிறந்து நாலு நாளில் "மூச்சுத்திணறல்" என்று இறந்த பெண் குழந்தைகள் என் வட்டாரத்தில் கூடியதை நான் கண்ணால் பார்த்தேன். பிற்பாடு உண்மையாகவே குறைந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் எந்த ஆண்டு பயத்தால் குறைந்தது, எந்த ஆண்டு மனம் மாறிக் குறைந்தது என்று அந்தப் பதிவேட்டைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

சரி, பதிவேட்டை விட்டுவிட்டு வேறு எதைப் பார்ப்பது? வீடு வீடாகப் போய்க் கேட்கும் தேசிய குடும்ப நல ஆய்வு இருக்கிறது. அதன் 2019-21 சுற்றில் தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.3 சதவீதம் பேர் ஏற்கெனவே தாயாகவோ கர்ப்பமாகவோ இருந்தார்கள். அதற்கு முந்தைய சுற்றில் அது 5 சதவீதம். இதே இடைவெளியில் நாடு முழுக்க இந்த அளவு 7.9-லிருந்து 6.8-ஆகக் குறைந்திருக்கிறது. இன்னொரு வேடிக்கை: 18-க்கு முன் கல்யாணம் ஆனவர்களின் அளவு நம் மாநிலத்தில் சுமார் 16 சதவீதத்திலிருந்து 13-க்கு இறங்கியிருக்கிறது. கல்யாணம் குறைந்தது, கர்ப்பம் கூடியது. இதில் அவசரப்படக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். 18, 19 வயதில் சட்டப்படி கட்டிக்கொண்டவர்களும் அந்த 6.3-க்குள் இருக்கிறார்கள், கல்யாணக் கணக்கோ இப்போது 20 முதல் 24 வயதில் இருப்பவர்களிடம் பழைய கதையைக் கேட்டு எடுப்பது. ஆனாலும் வீட்டு வாசலில் கேட்ட எண் ஒரு திசையிலும் அலுவலக எண் இன்னொரு திசையிலும் போனால், எனக்கு வாசலில் கேட்டதன் மேல்தான் நம்பிக்கை. கேட்க வந்தவருக்குப் பின்னால் ஜீப் நிற்பதில்லை.

கூட்டங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நானே எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். ஆண் பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, ரத்தசோகை, முருங்கைக்கீரை, தன்சுத்தம், 18 வயது, 1098. முக்கால் மணி நேரம். ஒருமுறை பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, பெயர் எழுதாமல் கேள்வி எழுதிப் போடுங்கள் என்றேன். வந்த சீட்டுகளில் ஒன்று இன்றும் ஞாபகம் இருக்கிறது: "அந்த மாத்திரை கடையில் கேட்டால் வயசு கேட்பார்களா?" ஒன்பதாம் வகுப்பு. நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் சீட்டைத் தலைமை ஆசிரியர் வாங்கிப் படித்தார். டப்பா அத்துடன் அலுவலக பீரோவுக்குள் போய்விட்டது. அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காத பதிலை இங்கே சொல்கிறேன். அவசரக் கருத்தடை மாத்திரையைச் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்பது சட்டம். நம் மாநிலத்து மருந்துக் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கிற பதில் "இல்லை". அன்றைய அறிக்கையில் "மாணவியர் ஆர்வத்துடன் கேள்வி கேட்டனர்" என்று எழுதி அனுப்பினேன். பொய் இல்லையே.

நல்லது என்று எல்லோரும் நம்புகிற ஒன்றைச் சோதித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு என் மகள் ஒரு ஆய்வைப் படித்துச் சொன்னாள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் 57 பள்ளிகள். அதில் ஒரு பகுதிப் பள்ளிகளில் 13 முதல் 15 வயதுப் பெண்களுக்குக் குழந்தை மாதிரியே அழும் பொம்மை ஒன்றைக் கொடுத்து, வார இறுதி முழுக்க வீட்டில் வைத்துப் பாலூட்டி, துணி மாற்றி, தூங்க வைக்கச் சொன்னார்கள். தாய்மை எவ்வளவு சிரமம் என்று தெரிந்தால் பயந்து ஒதுங்குவார்கள் என்பது எண்ணம். மற்றப் பள்ளிகளில் வழக்கமான பாடம் மட்டும். 20 வயது வரை மருத்துவமனைப் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, பொம்மை வளர்த்தவர்களில் 8 சதவீதம் பேர் குழந்தை பெற்றிருந்தார்கள், மற்றவர்களில் 4 சதவீதம். 2016-ல் லான்செட் இதழில் வந்தது இது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டத்தை வைத்திருக்காவிட்டால், "இத்தனை மாணவிகள் பொம்மை பெற்றுப் பயனடைந்தனர்" என்று அங்கேயும் ஒரு செய்தி வந்திருக்கும், படத்தோடு.

நம் நாட்டுக்குப் பக்கத்திலும் உதாரணம் இருக்கிறது. வங்கதேசத்தின் தென்பகுதிக் கிராமங்களில், பெண்ணுக்கு 18 முடியும்வரை கல்யாணம் செய்யாமல் இருந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை வீட்டுக்குச் சமையல் எண்ணெய் கொடுத்தார்கள். வேறு சில கிராமங்களில் பெண்களுக்கு ஆறு மாதம் தன்னம்பிக்கை வகுப்பு. எண்ணெய் கிடைத்த இடங்களில் 18-க்கு முந்தைய கல்யாணம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. வகுப்பு நடந்த இடங்களில் கல்யாண வயது நகரவில்லை. வகுப்பு எடுத்தே பழகிய எனக்கு இதைக் கேட்க ரோஷமாகத்தான் இருந்தது.

எண்ணெய் என்றதும் எனக்குத் தாலிக்குத் தங்கம் ஞாபகம் வந்தது. 1989-ல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம். பெண்ணுக்கு 18 முடிந்திருக்க வேண்டும், படிப்புக்கு ஒரு தகுதி உண்டு. 2011-ல் பணத்தோடு 4 கிராம் தங்கம், 2016-ல் அது 8 கிராம். "பத்து பாஸ் பண்ணட்டும், பதினெட்டு முடியட்டும், அரைக்காசு செலவில்லாமல் தாலி வரும்" என்று அப்பன்மார் டீக்கடையில் கணக்குப் போட்டதை நான் கேட்டிருக்கிறேன். என் ஊர்களில் ஏழெட்டுக் கல்யாணமாவது அந்தத் தங்கத்துக்காகவே தள்ளிப்போனது. என் 33 வருட வேலையில், அந்தத் திட்டம் எத்தனை கல்யாணத்தைத் தள்ளிவைத்தது என்று கேட்டு ஒரு அதிகாரி, ஒரு ஆய்வாளர் என் வாசலுக்கு வந்ததில்லை.

2022-ல் அதை மாற்றிப் புதுமைப்பெண் திட்டம் ஆக்கினார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய். நல்ல திட்டம். என் பக்கத்து வீட்டுப் பெண் அந்தப் பணத்தில்தான் பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் சமாளிக்கிறாள். ஆனால் எனக்குக் கவலை தந்த பெண்கள் யாரும் பன்னிரண்டைத் தாண்டியவர்கள் இல்லை. ஒன்பதில் நின்றவள், பத்தோடு முடிந்தவள், அரையாண்டு விடுமுறைக்குப் போய் ஜனவரியில் திரும்பாதவள். ஒரு பெண் தொடர்ந்து இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை என்றால் அங்கேதான் மணி அடிக்க வேண்டும். வருகைப் பதிவு இப்போது கைபேசியிலேயே ஏறுகிறது. அந்தத் தகவல் பள்ளியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் செவிலியருக்கு வந்து சேருவதில்லை, கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு மண்டபத்துக்கு ஜீப் மட்டும் வருகிறது.

ஆகவே இந்தத் திட்டங்களை மதிப்பீடு செய்யப் போகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நிறுத்திய கல்யாணங்களின் பட்டியலை எடுத்து, ஆறு மாதம் கழித்து ஒருமுறை, இரண்டு வருடம் கழித்து ஒருமுறை அந்தப் பெண் எங்கே இருக்கிறாள் என்று போய்ப் பார்க்கட்டும். பள்ளிக்கூடத்திலா, பனியன் கம்பெனியிலா, மாமியார் வீட்டிலா. போகிறவர் அந்தத் திட்டத்தில் சம்பளம் வாங்குகிறவராக இருக்கக் கூடாது. பெயரும் ஊரும் எழுதாமல் பதில் வாங்க வேண்டும். திட்டம் நடக்கும் வட்டாரத்தோடு, இன்னும் போய்ச் சேராத ஒரு வட்டாரத்தையும் அதே ஆண்டில் அதே கேள்வியோடு பார்க்க வேண்டும். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவள் அடையாளத்தை மருத்துவர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நான் ஓய்வுபெற்ற பிறகு வந்த தீர்ப்பு. துணை நிலையங்களில் இருக்கும் இளம் செவிலியர்களுக்கு அதை யாராவது தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், இன்னும் நாலு பெண்கள் தைரியமாக உள்ளே வருவார்கள். அப்படி வந்தால் பதிவேட்டில் எண் கூடும். அந்த ஆண்டு உங்கள் பக்கத்தில் "இளம்வயது கர்ப்பம் அதிகரிப்பு" என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள் என்பதும் என் வேண்டுகோள்.

2017-ல் கல்யாணம் நின்ற அந்தப் பெண் 2021 மார்ச்சில் இரண்டாவது முறை கர்ப்பப் பதிவுக்கு வந்தாள். எனக்குப் பதிலாக வரவிருந்த செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகிக்கொண்டிருந்தார். பழைய எண்ணைத் தட்டியதும் திரையில் வயது 22 என்று வந்தது. "ரெண்டாவது, வயசு 22, பிரச்சினை இல்லக்கா" என்றார். அவளுக்கு அப்போது 19. அவள் என்னைப் பார்த்தாள், நான் மேஜையைப் பார்த்தேன். 15-க்கும் 19-க்கும் இடையில் இரண்டு கர்ப்பம், இரண்டுமே உண்மை வயதில் எந்தக் கணக்கிலும் இல்லை.

பென்சிலில் எழுதிய நோட்டு இப்போதும் என் பீரோவில் இருக்கிறது. இடது பக்கம் அட்டை வயது, வலது பக்கம் உண்மை வயது. உண்மையாகவே மதிப்பீடு செய்ய யாராவது வருவதாக இருந்தால், பெயர்களைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு, வயதுகளை மட்டும் தரத் தயாராக இருக்கிறேன். உங்கள் அலுவலகம் வழியாகச் சொல்லி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தருமபுரி மாவட்டம்.